நீ விட்டுக்கொடுத்த முதலிடம்

என் வாழ்நாள் முழுக்க என்னோடு மல்லுக்கட்டிய சேகரண்ணனுக்கு,

போன மாதம் நீ போய் ஒரு வருடம் முடிந்தது. பத்திரிகையில் படம் போட்டு நாலு வரி போடலாம் என்று என் வீட்டுக்காரர் ரவி சொன்னார். அந்த நீலச் சட்டைப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அச்சுக்குப் போகும் முன்பு மாதிரி அனுப்பினார்கள். உன் முகத்துக்குக் கீழே "கண்ணீருடன் அன்புத் தங்கை" என்று போட்டு என் பெயர் இருந்தது. அந்தச் சொற்களோடு சேர்த்து என் பெயரைப் பார்க்க முடியவில்லை, அண்ணே. விளம்பரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. மலாக்காவில் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நீ, என்னைவிட நான்கு வயது மூத்தவன். வாரநாளில் டயர் கடை வேலை. சனி ஞாயிறு வந்தால் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இசைக்குழுவில் கிட்டார். இருபது வருடத்துக்கும் மேலாக மேடையின் ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றே வாசித்தாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு நீ, உனக்கு நான். அவ்வளவுதான் நம் குடும்பம்.

எனக்கு ஒரு கம்பியைக்கூடச் சரியாக மீட்டத் தெரியாது. ஆனால் கேட்கத் தெரியும். அதை நீயே ஒரு தடவை ஒத்துக்கொண்டிருக்கிறாய், பிறகு மறுத்துவிட்டாய்.

சண்டை ஆரம்பித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பசார் மாலாம் இரவுச் சந்தையில் நீ வாங்கிவரும் கேசட்டுகளில் வாசித்தவர் பெயர் எதுவும் இருக்காது. ஒரு பக்கம் தமிழ்ப் பாட்டு, மறுபக்கம் யாரோ வெள்ளைக்காரரின் கிட்டார், நடுவில் திடீரென்று ஒரு மலாய் ராக் பாட்டு. அதனால் நாமே பெயர் வைத்தோம். கம்பியை இழுத்து இழுத்து அழவைத்தவர் அழுகுணி. வேகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதவர் லாரி. கிட்டார் பலகையை விரல் முட்டியால் தட்டித் தட்டி வாசித்த ஸ்பெயின்காரர் தச்சர். கிட்டாரை மடியில் கிடத்திக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டே ராகம் வாசித்தவர் சறுக்கு மாமா. வளர்ந்த பிறகு எல்லாருடைய உண்மைப் பெயரும் நமக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நாம் பட்டப்பெயரை மாற்றவில்லை. இங்கேயும் மாற்றப்போவதில்லை.

உன் ஆள் அழுகுணி, என் ஆள் எட்டு செகண்டுக்காரர். ஒரு பழைய தமிழ்ப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் எட்டே செகண்டு வாசித்தவர். அவர் பெயர் மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. உலகத்திலேயே பெரிய கிட்டார் சோலோ அதுதான் என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். அது சோலோவே இல்லை என்றாய்.

"எழுதிக் குடுத்தத வாசிச்சவன் லா அவன். தாளைப் பாத்து வாசிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். சோலோன்னா தாள் இருக்கக்கூடாது."

"எழுதினத எல்லாரும் வாசிப்பாங்க. இவரு கடைசி சுரத்தக் கொஞ்சம் லேட்டா விடுறாரு. அத எவனும் எழுத முடியாது."

இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு நாம் முப்பத்தைந்து வருடம் ஓட்டியிருக்கிறோம். போனில், பஸ்ஸில், என் கல்யாண மண்டபத்தில் அலங்காரத்தோடு நான் உட்கார்ந்திருந்தபோதுகூட. எது சோலோ, எது வெறும் நிரப்பல்? வேகம் பெரிதா, விட்ட இடம் பெரிதா? ப்ளூஸ்காரரையும் கச்சேரிக்காரரையும் ஒரே தராசில் வைக்கலாமா? வைக்கக்கூடாது என்று நீ சொல்வாய், பிறகு நீயே வைப்பாய்.

எட்டு செகண்டுக்காரரிடம் உனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. உன் வேலையும் அதுதானே. கேசட்டில் யாரோ வாசித்ததை அச்சுப் பிசகாமல் கல்யாண மேடையில் நீ வாசிப்பாய். கீழே ஜனங்கள் சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அந்த எட்டு செகண்டை மட்டும் நீ எத்தனை நூறு தடவை வாசித்திருப்பாய்?

ஒரே ஒரு தடவை வேறு மாதிரி நடந்தது. ரெம்பியா கோயில் திருவிழாவில் பாடகர் வந்து சேரவில்லை. கூட்டம் கலையாமல் இருக்க ஏதாவது வாசி என்று உன்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். இருபது நிமிடம், தாள் இல்லாமல், யாரையும் பின்பற்றாமல் நீ வாசித்தாய். கச்சான் கடலை வறுத்து விற்றவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். நான் கடைசி வரிசையில் நின்று அழுதேன். மறுநாள் அதை நம் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றேன். வீட்டு ஆளைச் சேர்க்கக்கூடாது என்று அப்போதே ஒரு விதி போட்டாய். பாட்டுக்காரன் லேட்டு, அவ்வளவுதான் என்றாய்.

பிறகு சிறுநீரகம் போனது. சர்க்கரையை நீயும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. ரத்தம் கழுவ வேண்டும் என்றார்கள். அதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாயை ஒன்றாக இணைத்து ஓர் அறுவை செய்வார்கள். கம்பியை அழுத்தும் இடது கை வேண்டாம், வலது கையில் போடுங்கள் என்று நீ கேட்டாய். வலது கையில் நரம்பு சரியில்லை என்றார்கள். இடது கையிலேயே போட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாய். உள்ளே ரத்தம் உர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது.

"தடிச்ச கம்பி மாதிரி இல்ல? சுருதிதான் சேரல," என்றாய்.

அதற்குப் பிறகு நீ வாசிக்கவில்லை. பத்து நிமிடம் பிடித்தாலே கை மரத்துப்போனது. கிட்டாரை இசைக்குழுவிடமே கொடுத்துவிட்டாய்.

செவ்வாய், வியாழன், சனி. ஜாசினிலிருந்து பஸ் ஏறி பாச்சாங்கில் இருக்கும் ரத்தம் கழுவும் மையத்துக்கு வருவாய். நான் லாரி கம்பெனி ஆபிசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பதால் வாரநாளில் வர முடியாது. சனிக்கிழமை காலை மட்டும் உன் நாற்காலிக்குப் பக்கத்தில் நான். இயர்போனில் ஒரு காது உனக்கு, ஒரு காது எனக்கு. ஊசி குத்திய கையை நான்கு மணி நேரம் அசைக்கக்கூடாது. வாய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இந்தச் சனிக்கிழமைகளில்தான் பட்டியலை ஒரேயடியாக முடித்துவிடுவது என்று தீர்மானித்தோம். எல்லா இசையையும் சேர்த்துப் பத்து சோலோ. ஒன்றிலிருந்து பத்துவரை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஓர் இடம் முடிவாகும். அடுத்த நாற்காலி பாக் மான் முதல் வாரமே உள்ளே நுழைந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மலாய் ராக் பைத்தியம். அவருடைய நீளமுடிக்காரருக்கு ஓர் இடம் கொடுக்காவிட்டால் நர்ஸ் மிஸியிடம் சொல்லி இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினார். நீ மலாயில் அவரோடு ஒரு மணி நேரம் வாதாடினாய். ரத்த அழுத்தம் ஏறுகிறது, பேச்சை நிறுத்துங்கள் என்று மிஸி வந்து அதட்டினார். நீளமுடிக்காரருக்கு ஐந்தாம் இடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் நீ சந்தோஷமாக இருந்தாய், இல்லையா? நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவதைத்தான் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டேன்.

கூடப்பிறந்தவர்கள் சிறுநீரகம் கொடுக்கலாம், முதலில் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே நான் சரி என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கார் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

ஒரு புதன்கிழமை காலைக்குத் தேதி கொடுத்தார்கள். ரவி தடுத்தார் என்று எழுதிவிடலாம், எல்லாரும் நம்புவார்கள். ஆனால் அவர் தடுக்கவில்லை. பிள்ளைகளைப் பற்றி ஒரு தடவை கேட்டார். பிறகு, "நீ முடிவு பண்ணிட்டா சரி, நான் லீவு எடுக்கிறேன்," என்றார். வேண்டாம், தனியாகவே போய்விடுவேன் என்று சொன்னது நான்தான்.

போனேன். ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் காரை நிறுத்தினேன். இறங்கவில்லை. எஞ்சினை அணைக்காமல் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என்ன பயம் என்று கேட்டால் இன்றும் சரியாகச் சொல்ல வரவில்லை. கத்தியா, சாவா, பின்னால் என் பிள்ளைகளுக்கே தேவைப்பட்டால் என்ற நினைப்பா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. எது என்னை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டது என்று தெரியவில்லை. பிறகு ரிவர்ஸ் எடுத்து நேராக ஆபிசுக்குப் போய் மாலைவரை பில் தட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ரவியிடம் பொருந்தவில்லையாம் என்று சொன்னேன். அடுத்து வந்த சனிக்கிழமை உன்னிடமும் அதையே சொன்னேன். ரத்தம் ஒத்துவரவில்லையாம் என்றேன். உன் முகத்தைப் பார்க்காமல் இயர்போன் சிக்கலைப் பிரித்துக்கொண்டே சொன்னேன்.

"சரி விடு," என்றாய். "ஏழாவது எடம் இன்னும் முடிவாகல. நீ யாரைச் சொன்ன?"

தச்சர் என்றேன். போன வாரம்வரை அவரைப் பத்துக்குள்ளேயே விடமாட்டேன் என்று நின்றவன் நீ. "சரி, வச்சுக்கோ," என்றாய்.

எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். பொய் எடுபட்டுவிட்டது, நீயும் பழையபடி பேசுகிறாய் என்று நினைத்தேன்.

ஆனால் பழையபடி இல்லை. அடுத்த சனி லாரியைப் பட்டியலிலிருந்து தூக்க வேண்டும் என்றேன். தூக்கு என்றாய். சறுக்கு மாமாவை மூன்றாம் இடத்துக்கு ஏற்றினேன். ஏற்று என்றாய். பாக் மான் உன்னைப் பார்த்தார், நீ கண்ணை மூடிக்கொண்டாய். நோயின் களைப்பு என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு நாள் உன்னைச் சீண்டவே, டிவி போட்டியில் எவனோ ஒருவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசித்ததை இரண்டாம் இடத்தில் வைக்கலாம் என்றேன். முன்பென்றால் என் இயர்போனைப் பிடுங்கியிருப்பாய். "நல்லாத்தான் வாசிக்கிறான்," என்றாய்.

கடைசியில் முதலிடம் வந்தது. எட்டு செகண்டுக்காரர் என்றேன். முப்பத்தைந்து வருடச் சண்டை, அண்ணே. நான் அதைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். நீ திட்ட வேண்டும், தாள் பார்த்து வாசித்தவன் என்று சொல்ல வேண்டும். அழுகுணியின் பெயரைச் சொல்லி அவருடைய நாலு சுரத்தை வாயாலேயே வாசித்துக் காட்ட வேண்டும். அதற்காகக் காத்திருந்தேன்.

"அவருதான் லா. நீ சொன்னது சரி," என்றாய்.

"ஏன் இப்பல்லாம் சண்ட போட மாட்டேங்கிற?"

"வயசாயிடுச்சு," என்றாய். போர்வையை இழுத்துவிடச் சொன்னாய். இழுத்துவிட்டேன். உனக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

நான் சொன்ன பொய்க்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தாய். கையில் தொற்று வந்தது, ரத்தத்தில் பரவியது. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல், செவ்வாய்க்கிழமை நீ இல்லை. நான் பரிசோதனைக்குப் போயிருந்தால் பொருந்தியிருக்குமா? பொருந்தியிருந்தாலும் பதினான்கு மாதத்துக்குள் எல்லாம் முடிந்திருக்குமா? டாக்டரிடம் கேட்கவில்லை. ஆம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். இல்லை என்று சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு நான் ஆறிவிடுவேனோ என்றும் பயம்.

காரியம் முடிந்த பிறகு உன் போர்வையையும் பெட்டிச் சாவியையும் வாங்க மையத்துக்குப் போனேன். உன் நாற்காலியில் அதற்குள் ஒரு டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். பாக் மான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, பட்டியல் முடியாமலே போய்விட்டதே என்றார். முடிந்துவிட்டது, முதலிடத்தைக்கூட அண்ணன் எனக்கே விட்டுக்கொடுத்தான் என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

செவ்வாயும் வியாழனும் நீ அவரோடு சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தாயாம். கடைசி வியாழக்கிழமைகூட. அழுகுணிக்குத்தான் முதலிடம், அதில் பேச்சே இல்லை என்றாயாம். தச்சரையும் டிவிக்காரனையும் கிழி கிழியென்று கிழித்தாயாம். எட்டு செகண்டுக்காரர் உன் பத்தில் இல்லவே இல்லையாம். எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, அண்ணே. நீ மாறவில்லை என்று சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் அடுத்த வார்த்தைவரைதான் இருந்தது.

எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டே அவர் சொன்னார். நான் போகாத புதன்கிழமைக்கு மறுநாள், நீ நாற்காலியில் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம். ஒரு கையில் ஊசி இருந்ததால் போனை மடியில் வைத்து ஸ்பீக்கரில் பேசினாயாம். உங்கள் தங்கை நேற்று வரவில்லை, வேறு தேதி கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் மட்டும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு, ஏன் என்று பாக் மான் கேட்டிருக்கிறார்.

"டியா சுடா சூசா ஹாத்தி. பியார் டியா மெனாங்."

இதுதான் நீ சொன்ன பதில். அவள் மனசு ஏற்கெனவே கஷ்டத்தில் இருக்கிறது. அவளே ஜெயிக்கட்டும்.

அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமை நான் இயர்போனைப் பிரித்துக்கொண்டே பொய் சொன்னபோது, உனக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்துகொண்டே ஏழாவது இடத்தைப் பற்றிக் கேட்டாய். பதினான்கு மாதம், ஒவ்வொரு சனியும், என் பொய்க்கு வலிக்காமல் பார்த்துக்கொண்டாய். எனக்கு அது வேண்டாம், அண்ணே. நீ கத்தியிருக்கலாமே. ஏன்டி போகல என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் மறுநாளே நான் போயிருப்பேனா? போயிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியவில்லை.

இப்போது இங்கே எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். உன் ஜாசின் வீட்டைக் காலி செய்து கொடுத்தாயிற்று. பாக் மான் வாரம் ஒரு குரல் செய்தி அனுப்புகிறார், ஏதாவது ஒரு சோலோவைப் பற்றி. நான் திறப்பதில்லை. வீட்டில் யாராவது பாட்டுப் போட்டால், எந்த இடத்தில் கிட்டார் வரும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அதற்குள் அறையை விட்டுப் போய்விடுகிறேன். சனிக்கிழமை காலையில் துணி துவைக்கிறேன், துவைத்ததையே மறுபடி துவைக்கிறேன். எட்டு செகண்டுக்காரரை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். கடைசி சுரம் தாமதமாக விழுகிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மறுத்துப் பேச ஆள் இல்லாமல் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்பு ரவியிடம் படிக்கக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றார். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். நான்கு நாளாகத் தேவைக்கு மட்டும் பேசுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மன்னித்துவிடு என்று எழுதப்போவதில்லை. கேட்பதற்கு முன்பே நீ அதைச் செய்துவிட்டாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். உன்னைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் என் தோளைத் தட்டி, பாவம், நீயும் குடுக்கத்தான் நெனச்ச, பொருந்தலையே என்று சொல்கிறார்கள். ஒரு வருடமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இனி ஆட்டமாட்டேன். பொருந்தாமல் இல்லை, நான் போகவில்லை என்று சொல்வேன். அத்தைகளிடம் சொல்வேன், ஆபிசில் சொல்வேன், என் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்வேன். கேட்கிறவர்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் பார்க்கட்டும். ஒருவராவது நீ எனக்காகக் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல முயற்சி செய்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மாலதி
பாச்சாங், மலாக்கா